ஜெனரேட்டர் சாவி யாரிடம்?

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் அப்பார்ட்மெண்ட் மீட்டிங்கில் நான் கத்திவிட்டேன்.

சாதாரணக் கத்தல் இல்லை. மூன்றாவது மாடியில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பால்கனிக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். என் மனைவி தலையில் அடித்துக்கொண்டதை நானே பார்த்தேன்.

விஷயம் சின்னது. எங்கள் பில்டிங்கிற்குப் புது ஜெனரேட்டர் வந்திருக்கிறது. பொருத்த வந்த எலக்ட்ரீஷியன், தரையைத் தோண்டி இரண்டு எர்த் குழி போட வேண்டும், ஜெனரேட்டர் உடம்பிலிருந்து மெயின் போர்டு வரை காப்பர் பட்டை இழுக்க வேண்டும் என்றார். நியாயமான பேச்சு. எங்கள் செக்ரட்டரி என்ன சொன்னார் தெரியுமா?

"வெள்ளிக்கிழமை பூஜைப்பா. எம்.எல்.ஏ. வர்றாரு. இப்பப் போய் டைல்ஸை உடைச்சா நல்லாவா இருக்கும்? பூஜை முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்... இந்த இடத்தில்தான் கத்தினேன். ஏதேதோ சொன்னேன். மனுஷன் செத்தால் எம்.எல்.ஏ. வந்து மாலை போடுவாரா என்றுகூடக் கேட்டேன் போலிருக்கிறது.

செக்ரட்டரி நல்ல மனிதர். கோபித்துக்கொள்ளவில்லை. இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர் வேறு. கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சாருக்கு இருக்கிற ஞாபகசக்தி யாருக்கு இருக்கு! முப்பது வருஷத்துக்கு முந்தி தின்ன பரோட்டாவுக்குச் சால்னா உறைப்பா இருந்துச்சா, உப்பா இருந்துச்சான்னு எழுதுறவரு. விஷயம் தெரிஞ்ச ஆளு. ஜெனரேட்டர் ரூம் சாவி சார்கிட்டயே இருக்கட்டும்."

சாவியை நீட்டினார். நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இப்போது பில்டிங்கில் எனக்குத் திமிர் பிடித்தவன் என்று பெயர். இருக்கட்டும். அந்தச் சாவியை நான் ஏன் வாங்கவில்லை என்று மனைவி கேட்டாள். அவளிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் நான் துபாயில் இருந்தது உங்களுக்குத் தெரியும். கராமா மெஸ் சாம்பாரைப் பற்றி எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை டெலிபோன் பூத் வரிசையைப் பற்றி எழுதியிருக்கிறேன். ஆனால் அல் குசைஸ் கேம்பைப் பற்றி ஒரு வரிகூட எழுதியதில்லை. அதை நீங்கள் யாரும் கவனிக்கவும் இல்லை... தப்பித்தேன் என்று இருந்துவிட்டேன்.

அப்போது அல் குசைஸ் என்றால் ஊர்க்கோடி. மணல், அதற்கு நடுவில் வரிசையாக எங்கள் கம்பெனியின் தகர கேபின்கள். நான் கேம்ப் ஆபீஸில் கிளார்க். டைப் அடிப்பது, லெட்டர் எழுதுவது, சாமான் கேட்டு வரும் ரிக்விசிஷன்களை மேனேஜரிடம் கொண்டுபோய்த் திட்டு வாங்குவது — இதுதான் என் டியூட்டி.

என் ரூம்மேட் ராசநாயகம். யாழ்ப்பாணத்துக்காரர், கேம்ப் எலக்ட்ரீஷியன். ஏறக்குறைய என் வயது. என்னை 'ஐசே' என்றுதான் கூப்பிடுவார். வேலையில் அப்படி ஒரு கறார்! ஒயரை முறுக்கி டேப் சுற்றிவிட்டுப் போகிறவனைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஊரிலெல்லாம் கரண்ட் இருந்தால்தானே ஷாக் அடிக்கும்? எங்கள் கேம்பில் நேர்மாறு. கரண்ட் போனால்தான் ஷாக் அடிக்கும்.

சிரிக்காதீர்கள், நிஜம். டவுன் கரண்ட் நின்று ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்ததும் தண்ணீர்க் குழாய்கள் எல்லாம் கிள்ளும். கையை வைத்தால் சுரீர் என்று ஒரு கிள்ளு. நாங்கள் என்ன செய்தோம்? புகார் கொடுத்தோமா? அட, நாங்கள் யார்! குழாய்க்கு 'அத்தை' என்று பெயர் வைத்தோம். "கரண்டு போச்சுடா, அத்தை முழிச்சுக்கிட்டா, செருப்பைப் போடு" என்பது கேம்பில் தினப்படி வசனம். ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டால் அத்தை அவ்வளவாகக் கிள்ள மாட்டாள். ஊரிலிருந்து புதிதாக ஆள் வந்தால் ஜெனரேட்டர் ஓடும் நேரம் பார்த்து வெறுங்காலோடு தண்ணீர் பிடிக்க அனுப்புவோம். அவன் அலறிக்கொண்டு குதிப்பான். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம். என்னையும் அப்படித்தான் வரவேற்றார்கள். அடுத்து வந்தவனை நான் அனுப்பினேன்.

ராசநாயகம் மட்டும் சிரித்ததில்லை.

"உங்களுக்கெல்லாம் விசரே? இது பகிடி இல்லை, ஐசே" என்பார்.

அவர் சொன்ன விளக்கம் எனக்கு இன்றும் அப்படியே நினைவிருக்கிறது. ஒரு மோட்டாரின் வயிற்றுக்குள் எங்கேயோ ஒயர் உரிந்து இரும்பைத் தொட்டுவிட்டது என்று வையுங்கள். வெளியே கசிந்த கரண்ட், தான் கிளம்பிய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். திரும்பிப் போகத் தடையில்லாத காப்பர் வழி இருந்தால் ஒரே பாய்ச்சலில் போகும், போர்டில் சுவிட்ச் பட்டென்று விழும், ஆபத்து முடிந்தது. வழி இல்லையென்றால் இரும்பிலேயே உட்கார்ந்திருக்கும். யாராவது வந்து தொடுகிற வரைக்கும்.

டவுன் லைனில் அந்த வழி இருந்தது. எங்கள் ஜெனரேட்டருக்கு இல்லை. ஜெனரேட்டரை இறக்கிவைத்தவர்கள் பக்கத்தில் மணலில் ஒரு கம்பியை அடித்து எர்த் என்று கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அங்கிருந்து கேபின்களின் மெயின் போர்டு நாற்பது மீட்டர் தள்ளி. நடுவில் இணைப்பே கிடையாது, வெறும் மணல். காய்ந்த மணலில் கரண்ட் எங்கே போகும்? அது குழாய்களிலேயே தங்கிவிடும். குழாய்களுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் மோட்டார்தான் உள்ளே கசிந்துகொண்டிருந்தது.

"நாப்பது மீட்டர் காப்பர் கேபிள். அவ்வளவுதான் கேக்கிறன். ஜெனரேட்டரையும் மெயின் போர்டையும் குழாயளையும் ஒண்டாக் கட்டிவிட்டா, அதோட சரி" என்று ராசநாயகம் எழுதிக் கொடுத்தார். நான் டைப் அடித்து மேனேஜர் மேஜையில் வைத்தேன்.

மேனேஜர் எந்த ஊர்க்காரர் என்று சொல்லி வம்பை விலைக்கு வாங்க விரும்பவில்லை. "அச்சா, அச்சா. நெக்ஸ்ட் மன்த்" என்றார். அடுத்த மாதமும் அதையேதான் சொன்னார். ராசநாயகம் மூன்று முறை எழுதினார், நான் மூன்று முறை டைப் அடித்தேன். கிணற்றில் போட்ட கல்.

பம்ப் மோட்டாரை மாற்றக் கேட்டதற்கும் அதே அச்சாதான். ஓடுகிறதல்லவா, ஓடட்டும்.

கேபிள் வராது என்று தெரிந்ததும் ராசநாயகம் வேறொரு வேலை செய்தார். ஜெனரேட்டருக்குப் பக்கத்தில்தான் கேம்பின் தொழுகை கேபின். தொழப் போகிறவர்கள் ஒளு செய்ய, அதாவது முகம் கைகால் கழுவ, வாசலில் வரிசையாகக் குழாய்கள். அந்தத் தண்ணீர் சும்மா மணலில் ஓடிக்கொண்டிருந்தது. ராசநாயகம் அந்த எர்த் கம்பியைச் சுற்றிக் குழி தோண்டி, செங்கல்லால் ஒரு வாய்க்கால் கட்டித் தண்ணீரை அதற்குத் திருப்பிவிட்டார். குழிக்குள் உப்பும் கரியும் போட்டார். ஒரு நாளைக்கு ஐந்து வேளை, முப்பது நாற்பது பேர் கைகால் கழுவிய தண்ணீர். குழி காயவே இல்லை; கசிந்த கரண்டுக்கு ஈரமண் வழியாகத் திரும்பிப் போக வழி கிடைத்தது.

அதற்குப் பிறகு அத்தை கிள்ளுவது நின்றது. பம்பில் கசிவு அதிகமானால் மெயின் சுவிட்ச் தானாக விழுந்தது. கேம்பில் ஒருவருக்கும் இது தெரியாது. எனக்குத் தெரியும்.

இனிமேல் சேகு காக்கா.

காக்கா என்றால் அவர்கள் பக்கத்தில் அண்ணன். கீழக்கரைக்காரர். கேம்ப் வாசலில் ஒரு தகரக் கொட்டகையில் சின்னக் கடை வைத்திருந்தார். பால், தயிர், பீடி, ஏர்மெயில் கவர், எல்லாம் கிடைக்கும். ஊரிலிருந்து கடிதம் வராத வாரங்களில் என் மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். "தம்பி, டீ குடிச்சிட்டுப் போங்க. கடுதாசி நாளைக்கு வந்துரும்" என்பார்.

அவர் ஒருநாள் என்னிடம் வந்து சொன்னார்: "தம்பி, ஒளு செஞ்சிட்டு எந்திரிச்சா காலெல்லாம் சேறு. அப்புறம் எதுக்குக் கழுவுறது? இங்கிலீசுல ஒரு லெட்டர் போடுங்களேன் மேனேஜருக்கு."

ஆஹா, என்றேன். அருமையான இங்கிலீஷில், சுகாதாரம், கண்ணியம் என்று பெரிய பெரிய வார்த்தைகளெல்லாம் போட்டு எழுதினேன். நான் எழுதி உடனே நடந்த ஒரே லெட்டர் அதுதான். ஏனென்றால் அடுத்த புதன்கிழமை கிளையண்ட் ஆட்கள் கேம்பை இன்ஸ்பெக்ஷன் பண்ண வருகிறார்கள். மண்ணுக்கடியில் கிடக்கும் கேபிளை யார் பார்க்கப்போகிறார்கள்? சிமெண்ட் தரை பளிச்சென்று கண்ணில் படுமே! நான்கே நாளில் மேஸ்திரிகள் வந்து வாய்க்காலைப் பிடுங்கிப்போட்டு, குழியையும் மூடி, பூசி மெழுகிவிட்டார்கள். தண்ணீரைக் குழாய் வைத்து அந்தப் பக்கம் தூரமாகக் கொண்டுபோய்விட்டார்கள்.

அந்தச் சமயத்தில் ராசநாயகம் அபுதாபி சைட்டில் இருந்தார். குழி மூடப்படுவதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லியிருக்கலாம். என் லெட்டருக்கு நடந்த வேலையாயிற்றே என்ற பெருமை... வாயைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் திரும்பி வந்தார். பெட்டியைக்கூட வைக்கவில்லை.

"என்ர குழியை ஆர் மூடினது?"

சொன்னேன். என் லெட்டர் என்பதையும் சொன்னேன். அதுவரைக்கும் யோக்கியன்தான் நான். அவர் சிமெண்டின் மேல் குந்தியிருந்து கையால் தட்டிப் பார்த்தார்.

"உடைக்கோணும், ஐசே. இப்பவே."

"புதன்கிழமை இன்ஸ்பெக்ஷன் முடியட்டும் ராசநாயகம். அப்புறம் உடைச்சுக்கலாம். இப்ப உடைச்சா மேனேஜர் என்னைத்தான் கேப்பாரு."

ஆமாம். இதே வசனம். போன ஞாயிற்றுக்கிழமை செக்ரட்டரி வாயிலிருந்து வந்தபோது நான் கத்தியது அவரைப் பார்த்து மட்டுமா?

மேனேஜரும் உடைக்கக் கூடாது என்றார். ராசநாயகம் வேறு வழியில்லாமல், ஜெனரேட்டர் பக்கம் மாற்றிவிடுகிற பெரிய சுவிட்சை டவுன் லைன் பக்கமே வைத்துப் பூட்டுப் போட்டார். மறுநாள் அவருக்கு மறுபடி அபுதாபி டியூட்டி. விடிகாலையில் கிளம்பும்போது சாவியை என் உள்ளங்கையில் வைத்தார்.

"நான் வாற மட்டும் ஆருக்கும் குடுக்காதையும். கரண்ட் போனாப் போகட்டும், சனம் வேர்த்துக்கொண்டு இருக்கட்டும். வேர்வையால ஒருத்தரும் சாகிறேல்லை. விளங்குதோ?"

விளங்கியது. டிராயரில் வைத்துப் பூட்டினேன்.

அன்று திங்கட்கிழமை. மத்தியானம் ஒன்றரைக்குக் கரண்ட் போனது. துபாயில், ஜூலை மாதத்தில், தகர கேபினுக்குள் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அரை மணி ஓடியது. ஆபரேட்டர் வந்து கேட்டார். "சாவி மாஃபி", அதாவது இல்லை, என்று அனுப்பிவிட்டேன். இன்னும் அரை மணி ஓடியது. டியூட்டி முடிந்து வந்தவர்கள் வாசலில் நின்று என் அம்மாவை இழுத்துத் திட்டினார்கள். நான் அசையவில்லை. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்று மணிக்கு சேகு காக்கா வந்தார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது.

"தம்பி, ஃப்ரிட்ஜெல்லாம் தண்ணி விட்டிரிச்சி. பாலு, தயிரு எல்லாம் கெட்டுப்போயிரும். சாவி ஒங்கள்ட்ட இருக்கிறதாமே? ஒரு மணி நேரம் ஓட்டிட்டு நிப்பாட்டிருவோம்."

"ராசநாயகம் குடுக்கக் கூடாதுன்னாரு காக்கா. அத்தை கிள்ளுவா."

"அட, அத்தை கிள்ளுனா கிள்ளிட்டுப் போறா! நாம காணாத அத்தையா?" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். ஆபரேட்டருக்கு மறுத்தேன், கேம்ப் முழுக்கத் திட்டியும் மறுத்தேன். ஆனால் கடிதம் வராத நாளில் டீ கொடுத்த மனிதருக்கு எப்படி மறுப்பது? டிராயரைத் திறந்தேன். "செருப்புப் போட்டுக்கச் சொல்லுங்க எல்லாரையும்" என்று சொல்லித்தான் கொடுத்தேன். பெரிய அக்கறை!

ஜெனரேட்டர் ஓடியது. ஏ.சி. ஓடியது. காற்று முகத்தில் பட்டதும் நான் கண்ணை மூடிக்கொண்டேன்... அந்தச் சுகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

முக்கால் மணி கழித்து, சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். காக்கா எப்போதும் முதல் ஆளாகப் போகிறவர். செருப்புப் போட்டுக்கொண்டு யாராவது ஒளு செய்வார்களா? காலைக் கழுவ வேண்டுமே! செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஈரமான புதுச் சிமெண்டில் வெறுங்காலோடு உட்கார்ந்து குழாயைப் பிடித்தார். இத்தனை நாள் நாங்கள் எல்லோரும் பார்த்த அத்தை இல்லை அது. பம்ப் முழுசாகப் போயிருந்தது. சுவிட்ச் விழவில்லை. அது விழுவதற்கான வழியைத்தான் நாங்கள் சிமெண்ட் போட்டு அடைத்திருந்தோமே!

பின்னால் வந்தவர்கள் அவரை இழுக்கப் போய்த் தூக்கியெறியப்பட்டார்கள். யாரோ ஓடிப்போய் ஜெனரேட்டரை நிறுத்தினார்கள். நான் போனபோது அவரைத் தொழுகை கேபின் பாயில் கிடத்தியிருந்தார்கள். செருப்பு இரண்டும் ஓரத்தில் ஒழுங்காக ஜோடி சேர்ந்து இருந்தது.

போலீஸ் வந்தது. கம்பெனி ஒரு அறிக்கை கொடுக்க வேண்டும் என்றது. மேனேஜர் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். கார்பன் வைத்து மூன்று காப்பி. 'ஜெனரேட்டரில் கோளாறு இருப்பது தெரிந்தும் எலக்ட்ரீஷியன் சுவிட்சைப் பூட்டாமல் வேறு சைட்டுக்குப் போய்விட்டார்.' கேபிள் பற்றி ஒரு சொல் இல்லை. சிமெண்ட் பற்றி இல்லை. மூன்று ரிக்விசிஷன்களும் ஃபைலிலிருந்து காணாமல் போயிருந்தன. என் விரல் ஒரு எழுத்தைக்கூடத் தப்பாக அடிக்கவில்லை.

ராசநாயகத்தைச் செவ்வாய்க்கிழமை அபுதாபியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தார்கள். மேனேஜர் அறையில், என் எதிரில்தான் நின்றார்.

"நான் பூட்டினனான், சேர். சாவியை இவரிட்டக் குடுத்தனான்." என் பக்கம் திரும்பினார். "ஐசே, உம்மட்டத்தானே தந்தனான்? சொல்லுமன்."

மேனேஜர் என்னைப் பார்த்தார். "சாவி உன்கிட்ட இருந்ததா?" என்று இந்தியில் கேட்டார்.

வாசலில் நின்று திட்டியவர்கள் எல்லாம் கேள்விப்பட்டவர்கள்தான்; சாவியை என் கையில் கண்டவர் காக்கா ஒருவர்தான். அவர் வந்து சொல்லப் போவதில்லை. ஆபரேட்டர், சுவிட்ச் பூட்டாமல் கிடந்தது என்று ஏற்கெனவே எழுதிக் கொடுத்துத் தன் வேலையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். எனக்கு ஊரில் இரண்டு தங்கைகள், விசா கொடுத்த கபீல் கையில் பாஸ்போர்ட்... காரணங்களுக்கு என்ன பஞ்சம்?

"ஞாபகம் இல்ல சார்" என்றேன்.

அவ்வளவுதான். ராசநாயகத்துக்கு விசா கேன்சல். கலாஸ், கதை முடிந்தது. ஊருக்கு அனுப்பிவிடுங்கள் என்றார்கள். அந்த வருஷங்களில் ஒரு யாழ்ப்பாணத்துப் பையனை ஊருக்கு அனுப்புவது என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? தினமும் ரேடியோவில் அவரோடு சேர்ந்து நியூஸ் கேட்டவன்தானே நான்.

இன்னொன்றையும் கேளுங்கள். இன்ஸ்பெக்ஷன் தள்ளிப்போனது. ஒரே வாரத்தில் நாற்பது மீட்டர் காப்பர் கேபிளும், புதுப் பம்ப் மோட்டாரும் வந்து இறங்கின! கேட்டபோதெல்லாம் நெக்ஸ்ட் மன்த், நெக்ஸ்ட் மன்த்...

டிக்கெட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்த ராசநாயகம் மேனேஜரிடம் போய், அதைத் தானே பொருத்திவிட்டுப் போவதாகச் சொன்னார். வேறு எவனாவது அரைகுறையாகச் செய்துவிடுவான் என்று பயம் அவருக்கு. ஓசி வேலை, மேனேஜர் வேண்டாம் என்பாரா? இரண்டு நாள் வெயிலில் தனியாகத் தோண்டி, கேபிளைப் புதைத்து, ஜெனரேட்டர், மெயின் போர்டு, குழாய்கள், கேபின்களின் தகரம் என்று ஒவ்வொன்றையும் காப்பரால் ஒன்றோடொன்று இணைத்தார். சிமெண்டை உடைத்துக் குழியையும் திறந்தார். இந்த முறை யாரும் தடுக்கவில்லை.

முடித்ததும் ஜெனரேட்டரை ஓடவிட்டு, ஆபீஸ் வாசலில் வந்து நின்று என்னைக் கூப்பிட்டார். ஒன்பது நாளில் என்னோடு பேசிய முதல் பேச்சு.

"செருப்பைக் கழட்டிப்போட்டு வாரும்."

வெறுங்காலோடு போனேன். காக்கா உட்கார்ந்த அதே இடம். முதலில் அவர் குழாயைப் பிடித்தார். திறந்தார். ஈரக் கையோடு அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீரும் பிடியும்."

நானும் பிடித்தேன். தண்ணீர் மட்டும்தான் ஓடியது. வேறு ஒன்றுமே இல்லை.

"இனி உமக்குப் பயமில்லை" என்றார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் நான் எழுந்தபோது அவர் கட்டில் காலியாக இருந்தது.

அதற்குப் பிறகு அவரைப் பற்றி எனக்கு ஒரு தகவலும் இல்லை. உயிரோடு இருக்கிறாரா என்றும் தெரியாது. நான் தேடினேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

அவர் பொருத்திவிட்டுப் போன எர்த், நான் அங்கே இருந்த மிச்சம் நான்கு வருஷமும் ஒருவரையும் கிள்ளவிடவில்லை. அந்தக் கேம்பில் குளித்து, குடித்து, பத்திரமாகச் சம்பாதித்துத் தங்கைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தேன். வாசகர்கள் கடிதம் எழுதுகிறார்கள், என்ன ஒரு ஞாபகசக்தி என்று. சால்னா ருசி ஞாபகம் இருக்கிறதாம்!

அந்த அறிக்கையில் ஒரு வரி விட்டுப்போயிருந்தது. அதை இப்போது டைப் அடிக்கிறேன், கார்பன் இல்லாமல்: சாவி என்னிடம்தான் இருந்தது. நான்தான் கொடுத்தேன்.

செக்ரட்டரி சார், பூஜைக்கு முன்னாலேயே டைல்ஸை உடையுங்கள்... சாவியை வேறு யாரிடமாவது கொடுங்கள்.